அலுமினியத்தை ஆற்றி ஊற்றாதீர்கள்

வீட்டுக் கொல்லையில் அலுமினியம் வார்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் உலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை டிகிரி வரை போகும், கரியா கேஸா, உள்ளே என்ன பூசியிருக்கிறது என்று. எனக்கு அந்தக் கேள்விகளில் பெரிய சுவாரசியம் இல்லை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தகர வாளியின் உட்புறம் உலைமண் பூசி, அடுப்புக்கரியை நிரப்பி, அடியில் ஒரு குழாய் வழியாகக் காற்றை ஊதினால் அந்தச் சூடு தானாக வந்து நிற்கும். ஊர்க் கொல்லர் கொழு காய்ச்சிய சூடு இதைவிடப் பல நூறு டிகிரி அதிகம். உருக்குவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உருகியதற்கும் அச்சுக்குள் உறைவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில் அந்த உலோகத்தைக் கெடுக்காமல் வைத்திருக்கிறோமா என்பதில்தான் வேலையே இருக்கிறது.

இவ்வளவு எளிதாக உருகும் உலோகம் மனிதன் கைக்கு இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் உருக்குவதல்ல, பிரித்தெடுப்பது. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் மூன்று கிலோவுக்கும் குறைவான ஒரு அலுமினியக் கூம்பை வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது காட்சிக்கு வைக்கும் அளவுக்கு அரிய பொருள். இரண்டே ஆண்டுகளில், 1886இல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே மின்சாரத்தால் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு விலை சரிந்தது. 1898 வாக்கில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன், பித்தளை, செம்புக் கன்னார்களுக்கு அலுமினியப் பாத்திர வேலையைப் பழக்கத் தொடங்கினார். ஏற்காட்டுப் பாக்சைட்டை நம்பி மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தது 1960களில்.

பிரித்தெடுப்பதற்கு இன்றும் ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் தேவை. ஏற்கெனவே உலோகமாக இருப்பதை மறுபடி உருக்கவோ, கணக்குப்படி ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். யாரோ முன்பே மின் கட்டணம் கட்டிவிட்ட பொருளைத்தான் நாம் காயலான் கடையில் எடை போட்டு வாங்குகிறோம். கொல்லை உலையில் இந்தக் கணக்கு நிற்காது என்பது வேறு விஷயம். கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி வாய் வழியாக வானத்துக்குப் போய்விடும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஒரு கிலோ கரிக்கும் மேலேயே எரிக்கிறேன். ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி கெட்டியானது, நின்று எரியும், மூட்டையாகவே கிடைக்கும். வீட்டு கேஸ் சிலிண்டரை வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: சமையலறை ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் வெறும் 30 மில்லிபார், உலைக்கான பர்னருக்கு அது போதாது. அந்த ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வேறு ஏதாவது மாட்டும் யோசனை வந்தால், தயவுசெய்து அந்த யோசனையோடு தூங்கி எழுந்து மறந்துவிடுங்கள்.

இனி உலையை விட்டுவிடுகிறேன். எதை உருக்குவது என்பதில்தான் பாதி வார்ப்பு தீர்மானமாகிறது.

அலுமினியம் என்று ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் காயலான் கடைக் குவியலில் குணத்தால் நேர் எதிரான உலோகங்கள் கலந்து கிடக்கும். கடைக்காரருக்கு இது தெரியும். ஷீட் தனி, செக்‌ஷன் தனி, காஸ்டிங் தனி என்று பிரித்துத்தான் விலை சொல்வார். ஜன்னல், கதவு செய்யும் பட்டறையில் மிச்சமாகும் செக்‌ஷன் துண்டுகள் பார்க்கப் பளபளவென்று சுத்தமாக இருக்கும். புதிதாக வருபவர்கள் அதைத்தான் ஆசையாக அள்ளுவார்கள். ஆனால் அது அச்சின் வழியாகப் பிதுக்கி நீட்டுவதற்கென்று செய்த கலவை. சிலிக்கான் அரை சதவீத அளவில்தான் இருக்கும். உருகினாலும் சோம்பலாக ஓடும். மெல்லிய இடங்களை எட்டாமல் பாதியில் உறையும். உறையும்போது சுருங்கி மூலைகளில் கிழியும். வார்ப்புக்கு வேண்டியது சிலிக்கான் நிறைந்த கலவை. பன்னிரண்டரை சதவீதத்தை ஒட்டிச் சிலிக்கான் சேர்ந்தால் உருகுநிலை 577 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, ஓட்டமும் நன்றாக இருக்கிறது, சுருக்கத்தில் கிழிவதும் குறைகிறது. பைக் பிஸ்டன், சிலிண்டர் ஹெட், இன்ஜின் கவர், மோட்டாரின் இரு பக்க மூடிகள் எல்லாம் இந்த வகையை ஒட்டியவை. ஏற்கெனவே ஒருமுறை வார்ப்பாக இருந்தது மறுமுறையும் வார்ப்பாகச் சம்மதிக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விதி கிடையாது.

சந்தேகம் வந்தால் சுத்தியால் அடித்துப் பாருங்கள். வார்ப்பு உடையும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகத் தெரியும். செக்‌ஷனும் தகடும் வளையும். சில பழைய எந்திரங்களின் கவர்கள் கைக்கு வியப்பூட்டும் அளவுக்கு லேசாக இருக்கும். அது மெக்னீசியமாக இருக்கலாம். ஓரிடத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். உலைக்குள் மெக்னீசியம் தீப்பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாது, தண்ணீர் அதை வளர்க்கும். கார்புரேட்டர் மாதிரியான கனத்த சாம்பல் நிறச் சாமான்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அதையும் விலக்குங்கள், துத்தநாகப் புகையை மூச்சில் வாங்கினால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் அடிக்கும்.

குளிர்பான, பியர் கேன்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. நூற்றுக்கணக்கான கேன்களை உருக்கிப் பளபளப்பான கட்டிகளாக அடுக்கும் காணொளிகள் கண்ணுக்கு இதமானவை, வார்ப்புக்கு உதவாதவை. கேனின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். வெளியே மை, உள்ளே பூச்சு. எடைக்கு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம், அந்த மேற்பரப்பு முழுவதும் ஆக்சைடு. உருக்கினால் கணிசமான பகுதி கசடாகவே போகும். உடலும் மூடியும் வேறுவேறு கலவைகள். இரண்டுமே தகடாக இழுப்பதற்கானவை, வார்ப்பதற்கல்ல. கேன்களைச் சேர்த்து விற்று அந்தப் பணத்தில் பழைய பிஸ்டன் வாங்குங்கள். கேனும் அதற்குரிய ஆலைக்குப் போய் மறுபடி கேனாகும்.

அடுத்தது மூசை, அதாவது உலோகத்தை வைத்து உருக்கும் கலம். கடையில் குருசிபிள் என்று கேட்டால் களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்து சுட்டதைக் கொடுப்பார்கள். பலர் இரும்புக் குழாய்த் துண்டுக்கு அடித்தட்டு பற்றவைத்து அதையே மூசையாக வைத்துக்கொள்கிறார்கள். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டுமே, 700 டிகிரி அலுமினியம் அதை என்ன செய்யும் என்ற நினைப்பு. உருக்காது, கரைக்கும். உருகிய அலுமினியம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். மூசையின் சுவர் மெலிந்துகொண்டே வந்து ஒருநாள் உலைக்குள் ஓட்டை விழும் என்பது கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு. தெரியாத பாதிப்பு, கரைந்த இரும்பு உறையும்போது ஊசி வடிவப் படிகங்களாகி வார்ப்பை உடைசலாக்குவது. இரும்பில்தான் செய்வேன் என்பவர்கள் உட்புறம் சுண்ணாம்பு பூசி நன்றாகக் காயவைத்துக்கொள்ள வேண்டும். கிராஃபைட் மூசையில் துண்டுகளை நெருக்கித் திணிக்கக் கூடாது. சூட்டில் உலோகம் மூசையைவிட அதிகம் விரியும், சுவரைப் பிளந்துவிடும்.

இனிதான் கெடுதல்கள். இரண்டு இருக்கின்றன: ஒன்று காற்றில் உள்ள ஈரம், இன்னொன்று நம் கை.

உருகிய அலுமினியம் நீராவியைக் கண்டால் அதைப் பிரித்து ஆக்சிஜனைத் தான் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய ஹைட்ரஜனையும் தனக்குள் கரைத்துக்கொள்ளும். உருகுநிலையில் திரவம் தாங்கக்கூடிய ஹைட்ரஜன், திடப்பொருள் தாங்குவதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. ஆகவே உறையும் தருணத்தில் அத்தனை வாயுவும் வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழாகிறது. வெளியே வழவழவென்றிருக்கும் வார்ப்பைக் கடைசலில் ஒரு சீவு சீவினால் உள்ளே குண்டூசித் தலையளவு துளைகள் தெரிவது இதனால்தான். சூடு ஏற ஏற ஹைட்ரஜன் கரையும் அளவும் கூடும். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகக் காய்ச்சுவது நேரடியாகத் துளைகளை வாங்குவது. 700 முதல் 740 டிகிரிக்குள் ஊற்றிவிட வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கும் எனக்கு மணல் அச்சு வேலை கற்றுக்கொடுத்த பெரியவருக்கும் ஒத்துப்போகாது. கோவை கணபதிப் பக்கத்துப் பவுண்டரிகளில் பம்பு உடல் வார்த்தே காலத்தைக் கழித்த மோல்டர் அவர். வார்ப்பிரும்பை 1,300 டிகிரிக்கு மேல் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். இரும்பில் சூடு குறைந்தால் வேலை கெடும், ஆகவே அவர் கை எப்போதும் காற்றைக் கூட்டத்தான் போகும். "இன்னும் கொஞ்சம் காயட்டும், தம்பி" என்பார். "போதுங்க ஐயா" என்று நான் புளோயரை நிறுத்துவேன். அலுமினியம் பகல் வெளிச்சத்தில் சிவக்காது. 600 டிகிரியிலும் 800 டிகிரியிலும் அதே வெள்ளி நிறம்தான். கண்ணை நம்ப முடியாத உலோகம் என்பதால் கே வகை தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கம்பி ஒன்றைப் பீங்கான் உறைக்குள் வைத்து முக்கி எடுக்கிறேன். அவருக்கு அது விளையாட்டுச் சாமான். ஆனால் மணல் விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஈரத்தைக் குறைக்க வழி எளிது. துண்டுகளை உலை மூடியின் மேல் அடுக்கிச் சுடச்சுட உள்ளே இறக்குவது. எண்ணெய்ப் பிசுக்கை எரித்துவிடுவது. ஐப்பசி, கார்த்திகையில் உலையைத் தொடாமலிருப்பது. வாயுவை வெளியேற்றப் பெரிய ஆலைகள் ஆர்கானோ நைட்ரஜனோ குமிழாக விடுகின்றன. நீச்சல்குளக் குளோரின் மாத்திரையை உள்ளே போடச் சொல்லும் அறிவுரை இணையத்தில் உலவுகிறது. அதிலிருந்து வரும் புகை நச்சு. திறந்த கொல்லையில், பக்கத்து வீட்டுத் துணி காயும் இடத்தில் செய்யும் வேலை அல்ல அது. உருகிய உலோகத்தை அதிகம் சூடாக்காமல், கிளறாமல், விரைவாக ஊற்றினாலே நம் அளவுக்குப் போதும்.

இரண்டாவது கெடுதல் கை என்றேன். உருகிய அலுமினியத்தின் மேல் எந்நேரமும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். எடுத்தால் அடுத்த நொடி புதிதாக உருவாகும். அந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் உலையில் அது என்றைக்கும் திடப்பொருள்தான். மேலேயே கிடக்கும்வரை அது நல்லது. கீழே உள்ள உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. கிளறினாலோ உயரத்திலிருந்து ஊற்றினாலோ படலம் மடிந்து உள்ளே போகிறது. மடிந்த இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று ஒட்டாது. உறைந்த வார்ப்புக்குள் அது பிறக்கும்போதே இருக்கும் விரிசல். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்பல் இந்த மடிந்த படலங்களைத்தான் வார்ப்புக் குறைகள் பலவற்றுக்கும் வேர் என்று காட்டினார். அச்சுக்குள் நுழையும் உலோகத்தின் வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய வரம்பு.

அரை மீட்டர் என்பது தாராளமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எந்தப் பொருளும் வெறும் 13 மில்லிமீட்டர் விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடுகிறது. ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு! நம்மூரில் திரவத்தை ஊற்றுவதில் கைதேர்ந்தவர் டீ மாஸ்டர். குவளைக்கும் குவளைக்கும் இடையே கை நீளத்துக்கு இழுத்து, காற்றைக் கலந்து, நுரை கட்டி ஆற்றுவார். அவர் செய்வது ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராகச் செய்தால் அலுமினியத்தை ஊற்றத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

மூசையின் வாயை ஊற்றுக்குழியை உரசும் அளவுக்குத் தாழ்த்த வேண்டும். அச்சில் இறங்கும் குழாய் மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகலாகவும் இருக்க வேண்டும். விழும் நீரோட்டம் தானே மெலியும், குழாயும் அதோடு மெலிந்தால் காற்று இடையில் புகாது. இறங்கிய உலோகம் ரன்னர் என்ற கிடைக்கால்வாய் வழியே பரவி, கேட் என்ற நுழைவாயைக் கடந்து, அடியிலிருந்து மேலாக அச்சை நிரப்ப வேண்டும். தொடங்கிய பிறகு நிறுத்தக் கூடாது, குழியை நிறைத்தபடியே முடிக்க வேண்டும். கசடை ஒரே ஒருமுறை, ஊற்றுவதற்குச் சற்று முன், பூச்சிட்ட காய்ந்த கரண்டியால் ஒதுக்கினால் போதும். அடிக்கடி வழித்தெடுப்பது சுத்தம் போலத் தெரியும். ஒவ்வொரு வழிப்பிலும் நல்ல உலோகம்தான் புதுப் படலமாகிறது.

மணலுக்கு வருகிறேன். நன்கு சலித்த நைஸ் சிலிக்கா மணல், எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெண்டோனைட் என்ற ஒட்டும் களிமண், மூன்று முதல் ஐந்து சதவீதம் தண்ணீர். பெண்டோனைட்டுக்குப் பவுண்டரிச் சாமான் கடையைத் தேடி அலைய வேண்டாம். எர்த்திங் குழிக்குப் போட எலெக்ட்ரிகல் கடைகளில் மூட்டையாக வைத்திருப்பார்கள். கலந்து, ஒரு நாள் மூடி வைத்து, மறுபடி பிசைந்து சலிக்க வேண்டும். பதம் பார்க்கும் விதம் பெரியவர் சொன்னது: ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் விரல் ரேகை அதில் பதிந்திருக்க வேண்டும், நடுவில் உடைத்தால் ஓரம் உதிராமல் இரண்டாகப் பிரிய வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் அதிகம். அவர் உலையை ஏறிட்டும் பார்க்காமல் இந்தப் பிடி மணலோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்.

நான் அதிகம் வார்ப்பது புல்லிகள். கடையில் வாங்குவது மலிவு என்பதை மனைவி சொல்லாமலே அறிவேன். ஆனால் வார்ப்பின் பாடம் முழுவதும் ஒரு புல்லிக்குள் அடங்கியிருக்கிறது. நடுவில் தண்டு நுழையும் குடம் தடிமன், அதைச் சுற்றியுள்ள தட்டு மெல்லியது, வெளி விளிம்பு மறுபடி தடிமன். அலுமினியம் உறையும்போது கன அளவில் சுமார் ஆறு சதவீதம் சுருங்குகிறது. மெல்லிய தட்டு முதலில் உறைந்துவிட, நடுக்குடம் கடைசிவரை திரவமாக இருந்து, தன் சுருக்கத்தை நிரப்ப உலோகம் கிடைக்காமல் உள்ளே குழிவிழுந்துபோகும். ஆகவே குடத்தின் தலையில் அதைவிடத் தடித்த ஒரு ரைசர், அதாவது கூடுதல் உலோகம் தேங்கி நிற்கும் தலை, வைக்க வேண்டும். குடத்துக்குப் பின்னால் உறைவது அதன் ஒரே கடமை. குழி அதில் விழட்டும், பிறகு அறுத்தெறியலாம். விளிம்பு விரைவில் உறைய வேண்டுமானால் மணலில் ஓர் இரும்புத் துண்டைப் பதித்து வைக்கலாம். துருவும் ஈரமும் இல்லாத இரும்பாக இருக்க வேண்டும்.

உறைந்த பிறகும் சுருக்கம் நிற்பதில்லை. மீட்டருக்கு 13 மில்லிமீட்டர் என்பது பேட்டர்ன், அதாவது மணலில் பதிக்கும் மர மாதிரி, செய்யும் தச்சர்களின் கணக்கு. 100 மில்லிமீட்டர் புல்லி வேண்டுமென்றால் மரத்தில் 101.3, அதற்கு மேல் கடைசலுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். பக்கங்கள் ஓரிரு டிகிரி சாய்ந்திருந்தால்தான் பேட்டர்ன் மணலைப் பிடித்து இழுக்காமல் வெளிவரும். தெர்மோகோலில் வடிவம் வெட்டி, மணலில் புதைத்து, அப்படியே மேலே ஊற்றும் முறையும் உண்டு. 1958இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. பேட்டர்னை எடுக்கும் தொல்லையில்லை. பதிலுக்கு எரியும் தெர்மோகோலின் கரும்புகை தெரு முழுவதும் போகும். நான் செய்வதில்லை.

பாதுகாப்பு என்றால் எல்லோரும் கையுறையைச் சொல்வார்கள். நான் தரையைச் சொல்வேன். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். காய்ந்ததுபோல் தெரியும் சிமெண்ட் தளத்துக்குள்ளும் ஈரம் இருக்கிறது. அதன் மேல் உருகிய உலோகம் கொட்டினால் சிமெண்ட் வெடித்துச் சில்லுகளோடு உலோகத்தையும் முகத்தில் அடிக்கும். உலையிலிருந்து அச்சுவரை நடக்கும் வழி முழுவதும் காய்ந்த மணல் பரப்பியிருக்க வேண்டும். தீயணைக்க என்று பக்கத்தில் வைப்பது தண்ணீர் வாளியாக இருக்கக் கூடாது, மணல் வாளியாக இருக்க வேண்டும். மூடிய உள்வெளி கொண்ட எதையும், ஷாக் அப்சர்பர் போன்றவற்றை, அறுத்துத் திறக்காமல் உலைக்குள் போடக் கூடாது. பருத்தி உடை, தோல் பூட்ஸ், பேண்ட் கால் பூட்ஸுக்கு வெளியே, முகத்துக்குக் கவசம். ரப்பர் செருப்போடும் பாலியஸ்டர் லுங்கியோடும் காணொளி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கசடையும் மழையில் நனையும்படி கொட்டாதீர்கள். அதிலுள்ள அலுமினியம் நைட்ரைடு ஈரத்தோடு சேர்ந்து அம்மோனியா வாடை கிளப்பும்.

இன்னொன்று. வீட்டில் வார்த்ததில் சமைக்க வேண்டாம். இட்லித் தட்டு, பணியாரக்கல் வார்த்துத் தரமுடியுமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். காயலான் கடை உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கேமரூனில் கழிவு அலுமினியத்தில் வார்த்த சட்டிகளைச் சோதித்தபோது சமையலில் ஈயம் கசிவதைக் கண்டார்கள். புல்லி, கைப்பிடி, மோட்டார் தாங்கி என்று கேட்டால் செய்து கொடுக்கிறேன்.

மூசையில் மிஞ்சுவதை அப்படியே உறைய விடக் கூடாது. உலையை ஒட்டி வைத்துச் சூடேற்றிய ஆங்கிள் இரும்பில் ஊற்றிக் கட்டிகளாக்கி, ஆறியதும் எது எதிலிருந்து வந்தது என்று மார்க்கரால் எழுதுகிறேன்: பிஸ்டன், மோட்டார் மூடி, ரைசர். எழுத்து அழிந்துபோன கட்டி எதையும் மறுபடி மூசையில் போடுவதில்லை. அது கிலோ கணக்கில் விற்பனைக்குப் போகிறது.